பலகாரத்துக்கு ஊர்ப்பெயர்

சென்ற மாதம் பந்தல்குடியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த வேளையில் ஒரு டீக்கடையில் உட்கார நேர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் ஒரு சம்சாரி. நம்மை இன்னார் என்று தெரிந்துகொண்டதும் மிகுந்த மனத்தாங்கலோடு ஒரு கேள்வி போட்டார்.

"ஐயா, சுத்துப்பட்டுல எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பேரைச் சொல்லி ஒரு பண்டம் விக்கிறாங்க. திருநெல்வேலிக்கு அல்வா, கோவில்பட்டிக்குக் கடலை மிட்டாய், சீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, சாத்தூருக்குச் சேவு, விருதுநகருக்குப் புரோட்டா, தூத்துக்குடிக்கு மக்ரூன். எங்க பந்தல்குடி மட்டும் என்ன பாவம் செஞ்சது?"

"பாவமும் செய்யவில்லை, புண்ணியமும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் உங்கள் ஊரில் ரயில் நிற்கவில்லை, அவ்வளவுதான்" என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டார். ஆனால் பஸ் ஏறிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஒரு மனிதன் தன் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்று குன்றிப் போகிறான் என்றால், அது வெறும் வாய் ருசியைப் பற்றிய விஷயமல்ல. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் துணிகின்றோம்.

முதலாவது, ஒரு பண்டத்துக்கு ஊர்ப்பெயரை வைப்பவன் அந்த ஊர்க்காரன் அல்ல. திருநெல்வேலியில் குடியிருப்பவன் கடைக்குப் போய் "கால் கிலோ அல்வா கொடு" என்பானே ஒழிய "திருநெல்வேலி அல்வா கொடு" என்று கேட்கமாட்டான். வாங்கிக்கொண்டு வெளியூர் போகின்றவனும், வெளியூரில் அதை வாயில் போட்டுக்கொண்டவனுமே பெயர் வைக்கிறார்கள். மணப்பாறை முறுக்கு அப்படி வந்ததுதான். ரயில் அங்கே நின்றது. முறுக்கு விற்றவர்கள் ஜன்னல் ஓரமாக ஓடினார்கள். திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் இறங்கியவர்கள் பெயரைக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். இதில் ஒரு வேடிக்கை, அந்த முறுக்கை அங்கே துவக்கிவைத்தவரே திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போனவர் என்று சொல்லுகின்றார்கள். கன்னட நாட்டு மத்தூர் வடையும் ரயிலடியில் பெயர் வாங்கினதே.

வெளிநாட்டுச் சங்கதி இதைவிட வேடிக்கையானது. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் என்றொரு நகரம், ஆஸ்திரியாவில் வியன்னா என்றொரு நகரம். இறைச்சியைக் கொத்திக் குடலில் அடைத்துச் செய்யும் ஒரு பண்டம் உண்டு. வியன்னாக்காரர்கள் அதைப் "பிராங்க்பர்ட்டர்" என்கின்றார்கள். மற்ற தேசத்தார் அதையே "வீனர்", அதாவது வியன்னாப் பண்டம் என்கின்றார்கள். இவன் அவன் தலையில் கட்ட, உலகம் இவன் தலையில் கட்டுகிறது! ஜாம் அடைத்துப் பொரித்த ஒரு மாவுருண்டைக்கு ஜெர்மனியின் பல பாகங்களில் "பெர்லினர்" என்று பெயர். பெர்லினில் போய் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். அங்கே அதற்கு வேறு பெயர். இங்கிலாந்தில் "மதராஸ்" என்று ஒரு காரக் குழம்பு ஓட்டல்தோறும் விற்கிறது. 1996இல் சர்க்கார் அந்த நகரத்தின் பெயரைச் சென்னை என்று மாற்றியும் குழம்பு மட்டும் இன்னும் மதராஸாகவே கொதித்துக்கொண்டிருக்கிறது. சென்னையில் அப்படி ஒரு குழம்பை யாரும் தம் வீட்டுக் குழம்பென்று சொல்லிக்கொள்வதில்லை.

ஆகவே ஊர்ப்பெயர் என்பது வானத்திலிருந்து விழுந்ததும் அல்ல, விதியால் வாய்த்ததும் அல்ல. போக்குவரத்தாலும் வியாபாரத்தாலும் ஒட்டிக்கொண்டது. இதை ஒரு குறையாக நாம் சொல்லவில்லை. ஊர்ப்பெயரை நாம் மனப்பூர்வமாக வரவேற்கின்றோம். காரணம் என்னவென்றால், நமது நாட்டில் சோற்றுக்கும் காப்பிக்கும் ஒரு காலத்தில் இருந்த பெயர் ஊர்ப்பெயர் அல்ல, சாதிப்பெயர்.

"பிராமணாள் காப்பி கிளப்" என்று பலகை தொங்கிய காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரயில்வே சிற்றுண்டிச் சாலையில் பிராமணாளுக்கு ஓரிடம், இதராளுக்கு ஓரிடம். டிக்கட்டுக்கு ஒரே விலை, இட்டிலிக்கு ஒரே விலை, உட்காருவதற்கு மட்டும் வேறு வேறு இடம்! தென்னிந்திய ரயில்வேயில் இந்த அக்கிரமம் 1941இல்தான் ஒழிந்தது. அதற்குப் பிறகும் ஊருக்குள் பலகைகள் போகவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்து அந்த ஒரு சொல்லை இறக்குவதற்காக 1957இல் பெரியார் மறியல் துவக்க வேண்டியிருந்தது. அது மாதக்கணக்கில் நடந்தது. எத்தனையோ தோழர்கள் சிறை சென்றார்கள். போய்த் தொலைந்தது என்று இருந்தால் 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடைப் பலகையில் மறுபடியும் "பிராமணாள்" ஏறி, மறுபடியும் கிளர்ச்சி செய்ய நேர்ந்தது.

காப்பிக்கொட்டை ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா தேசத்துச் சரக்கு. அதை உலகத்துக்குக் காய்ச்சிக் குடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அரபியர்கள். ஏமன் நாட்டு மோக்கா என்ற துறைமுகத்தின் பெயர் இன்றும் ஒரு காப்பிக்கு வழங்குகின்றது. எத்தியோப்பியன் பயிரிட்டு, அரபி வறுத்து, மோக்காவில் கப்பலேற்றி வந்த காப்பியில் "பிராமணாள்" எந்தத் துறைமுகத்தில் ஏறினார் என்று கேட்கின்றோம்.

சாதிப்பெயர் வைத்த கடை, யார் உள்ளே வரக்கூடாது என்பதைப் பலகையிலேயே சொல்லிவிடுகிறது. ஊர்ப்பெயர் வைத்த பண்டம் அப்படிச் சொல்ல முடியாது. ஊர் என்றால் அக்கிரகாரமும் ஊர்தான், சந்தைப்பேட்டையும் ஊர்தான், சேரியும் ஊர்தான். ஒரு பலகாரம் "நான் இந்த ஊரைச் சேர்ந்தவன்" என்று சொல்லும்போது அந்த ஊரில் தெருக் கூட்டுகிறவரையும் சேர்த்தே சொல்லுகிறது. இதைச் சொல்லுகிறவர்கள் உணர்ந்து சொல்லுகிறார்களா என்பது வேறு விஷயம். ஏனென்றால் பலகாரப் பெட்டியின்மேல் ஊர்ப்பெயரை அச்சடித்துவிட்டு டீக்கடையில் இரண்டு குவளை வைக்கிற புத்தி இன்னும் முற்றிலும் போனபாடில்லை. முன்பு கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள், பிறகு தனிக் கிளாஸில் ஊற்றினார்கள், இப்போது சில இடங்களில் ஆளைப் பார்த்துக் காகிதக் கப்பை எடுக்கிறார்கள். குவளை மாறினால் சாதி போய்விட்டது என்று அர்த்தமல்ல.

பந்தல்குடிக்குப் பக்கத்துச் சரித்திரமே இதற்கு நல்ல அத்தாட்சி. கமுதியில் 1897இல் நாடார் சமூகத்தார் கோவிலுக்குள் நுழைந்தார்கள். கோவில் தீட்டாகிவிட்டது என்று வழக்கு. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போய் 1908இல் அவர்களுக்கு விரோதமாகவே தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்புக்கு நாற்பது ஆண்டுகளுக்குள், அதே சமூகத்தில் பிறந்த பொன்னம்பலம் என்பவர் (வாலை நாம் வெட்டியே எழுதுகின்றோம்) கோவில்பட்டியில் கடலையையும் வெல்லப்பாகையும் சேர்த்து மிட்டாய் போட்டார். அந்த மிட்டாய்க்கு 2020இல் சர்க்காரே புவிசார் குறியீடு என்னும் முத்திரை கொடுத்தது. தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள் போட்ட மிட்டாயைக் கோவிலுக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் வாங்கித் தின்கின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. தீட்டு என்பது கையில் இருந்திருந்தால் இந்நேரம் எத்தனை பேர் மோட்சத்தை இழந்திருக்க வேண்டும்!

நிற்க, "எங்கள் ஊர்ப் பண்டம், எங்கள் பரம்பரை, வேறொருவன் கைபடாதது" என்று பெருமை பேசுகின்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அல்வா என்பது அரபுச் சொல். திருநெல்வேலியில் அதற்குப் பெயர் வாங்கிக்கொடுத்த கடைகளை வைத்தவர்கள் ராஜபுதனத்துப் பக்கமிருந்து வந்து தங்கிய "சிங்" பட்டமுள்ள குடும்பத்தார். அதற்கு வேண்டிய கோதுமை தாமிரபரணிக் கரையில் விளைவதில்லை. சீனி என்ற சொல்லே சீன தேசத்தைத் தன் தலையில் சுமந்திருக்கிறது. தூத்துக்குடி மக்ரூனில் அந்தச் சொல்லும் ஐரோப்பாவினுடையது, அதில் போடும் முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. சேவிலே போடும் மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த நமது பாட்டன்மாருக்கு மிளகாய் என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் மிளகு போட்டுச் சாப்பிட்டுக் காலம் கழித்தார்கள்.

இவற்றையெல்லாம்விடக் கடலையின் கதை பெரிது. நிலக்கடலை தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். ஸ்பானியக் கப்பல்கள் அதை மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கொண்டுபோயின. தென்னார்க்காட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள், கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது மக்கள் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர். ஊர்ப்பெயர் கொண்ட பண்டம் எங்கள் ஊரில் இல்லையே என்று வருந்திய அந்தச் சம்சாரியின் காட்டில் விளைகின்ற பயிரே ஒரு பட்டணத்தின் பெயரைச் சுமந்துகொண்டுதான் தமிழ்நாட்டில் வழங்குகின்றது!

இனி, பெயர் வந்தவுடனே பின்னாலேயே வந்து சேருகிற சுவாமியின் மகிமையைப் பார்ப்போம். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் அதே முத்திரை கிடைத்தது. மலைவாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், கற்கண்டு, ஏலக்காய் சேர்த்துத் தண்ணீர் விடாமல் பிசைவது. அது பல நாள் கெடாமல் இருப்பதற்கு முருகன் அருள் என்று காரணம் சொல்லுகின்றார்கள். சர்க்கரையும் தேனும் மிகுதியாக இருக்கும் இடத்தில் கிருமிகள் பிழைப்பதற்கு வேண்டிய ஈரத்தை அவை இழுத்துக்கொள்ளுகின்றன. கிருமி பெருகாததால் பண்டம் கெடுவதில்லை. உப்பு போட்ட மாங்காய் ஊறுகாயும் வருஷம் முழுவதும் கெடாமல்தான் இருக்கிறது. ஊறுகாய் ஜாடிக்குள் எந்தச் சுவாமி எழுந்தருளியிருக்கிறார்? மலையில் வாழை போட்டு, பன்றிக்கும் காற்றுக்கும் காவல் காத்து, தலைச்சுமையாகப் பழத்தை இறக்கும் பாட்டாளியின் பெயர் அந்த டப்பாவில் இல்லை. உழைப்பு அவனுக்கு, மகிமை முருகனுக்கு, பணம் தேவஸ்தானத்துக்கு.

தண்ணீர் மகிமையும் இப்படியே. தாமிரபரணித் தண்ணீரால்தான் அல்வா, மணப்பாறைத் தண்ணீரால்தான் முறுக்கு என்கின்றார்கள். இதை நாம் அடியோடு மறுக்கவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும் மாவின் பதத்தை மாற்றக்கூடியவை. எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதனைச் சாலையில் அளந்து பார்க்கலாம், வேண்டுமானால் வேறு ஊரிலும் அதே அளவு கலந்து செய்து பார்க்கலாம். ஆனால் "புண்ணிய நதி" என்று சொல்லிவிட்டால் அளந்து பார்க்க வழியில்லாமல் போய்விடுகிறது. அளக்க விடாமல் செய்வதற்காகவே அப்படிச் சொல்லுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

சாதிக்கும் சாமிக்கும் அடுத்தபடியாக இப்போது தேசபக்தியும் பலகாரக் கடைக்குள் புகுந்திருக்கிறது. ஐதராபாத்தில் கராச்சி பேக்கரி என்று ஒரு கடை. நாடு பிரிந்தபோது சிந்து தேசத்தைவிட்டு அகதியாக வந்த ஒரு இந்து, தான் விட்டுவந்த ஊரின் பெயரை வைத்து 1953இல் துவக்கியது. 2019 பிப்ரவரியில் பெங்களூரிலுள்ள அதன் கிளைக்கு முன்னால் ஒரு கூட்டம் கூடி, பலகையில் "கராச்சி" என்ற சொல்லை மூடினால்தான் ஆயிற்று என்று மிரட்டியது. கடைக்காரர்கள் துணியைப் போட்டு மூடினார்கள். ஊரை இழந்தவனிடம் ஊர்ப்பெயரையும் பிடுங்குகிற வீரம் இது! இதற்கும் மேலே ஒன்று. 2025 மே மாதம் ஜெய்ப்பூரில் சில மிட்டாய்க் கடைக்காரர்கள் "மைசூர் பாக்" என்பதில் "பாக்" இருப்பது பாகிஸ்தானை ஞாபகப்படுத்துகிறதென்று சொல்லி "மைசூர் ஸ்ரீ" என்று மாற்றிவிட்டார்கள். பாக் என்றால் பாகு, சர்க்கரைப் பாகு! நமது வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும். இந்த முட்டாள்தனம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1917, 1918இல் ஜெர்மனியோடு யுத்தம் நடந்தபோது அமெரிக்கர்கள் ஹாம்பர்க் நகரத்தின் பெயர் கொண்ட இறைச்சிப் பண்டத்துக்கு "சுதந்தர இறைச்சி" என்றும், ஜெர்மானியர் ஊறப்போடும் கோசுக்குச் "சுதந்தரக் கோசு" என்றும் பெயர் மாற்றினார்கள். யுத்தம் முடிந்ததும் ஹாம்பர்கர் பழையபடி ஹாம்பர்கர் ஆகிவிட்டது.

இனிப் பந்தல்குடிக்கே திரும்புவோம். அன்று பஸ் ஏறுமுன் அந்தச் சம்சாரி வறுத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கி நமது கையில் கொடுத்தார். எந்த ஊர்க் கடலை என்று கடைக்காரரைக் கேட்டோம். "விருதுநகர்க் கடலைங்க" என்றார். மூட்டை அங்கேயிருந்து வருகிறதாம்! விருதுநகரில் கடலை விளைவதைவிட விலை விளைவதுதான் அதிகம். பருப்பு, வற்றல், எண்ணெய்க்கெல்லாம் விருதுநகர் நிலவரம் என்று பத்திரிகைகளில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கரிசலில் வானத்தை நம்பி விதைத்து, களையெடுத்துப் பறித்த கடலை கமிஷன் கடைக்குப் பெயரில்லாத மூட்டையாகப் போகிறது. திரும்பி வரும்போது விருதுநகர்ப் பெயரோடு வருகிறது. கோவில்பட்டி மிட்டாய்க்கும் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் கடலை போகின்றது. இப்பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லும் இப்படித்தான், சிமெண்டாகி ஊரெல்லாம் வீடாகின்றது, மூட்டையில் பந்தல்குடி இல்லை.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி 2003இல் அமலுக்கு வந்தது. அதன் பதிவு அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. சட்டப்படி பெயரைப் பதிவு செய்து கொள்ளுவது உற்பத்தியாளர் சங்கம். அதன்பின் செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் அப்பெயரைப் போட்டுக்கொள்ளத் தனித்தனியே பதிய வேண்டும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கெட்ட சட்டம் என்று சொல்ல மாட்டோம், போலிச் சரக்கை அது கொஞ்சம் தடுக்கும். ஆனால் மிட்டாய்க்குப் பெயர் பதிந்தால் அதில் கிடக்கும் கடலையை விளைவித்தவனுக்கு அதனால் ஒரு காசு கூடவருமா என்றால், வர வேண்டிய கட்டாயம் எதுவும் அதில் இல்லை.

அந்தச் சம்சாரி கேட்டதற்குப் பதில் இதுதான். பந்தல்குடியில் கம்பும் சோளமும் வற்றலும் மல்லியும் கடலையும் விளைகின்றன. கம்பங்கூழ் குடித்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, விருந்தாளி வந்தால் கடன் வாங்கியாவது அரிசி பொங்கிய ஜனங்கள் நாம். இன்று பட்டணத்துக் கடைகளில் அதே கூழை மண்சட்டியில் ஊற்றி நல்ல விலைக்கு விற்கின்றார்கள். கூழில் ஒரு குறையும் இல்லை. கூழ் குடித்தவனைக் கீழானவன் என்று சொல்லி வைத்திருந்தார்கள், நாமும் நம்பினோம்.

பெயர் வேண்டுமென்றால் சாமி கனவில் வந்து சொல்லப்போவதில்லை. இருபது சம்சாரிகள் சேர்ந்து, கடலையைத் தாமே உடைத்து, தரம் பிரித்து, ஊர்ப்பெயரோடு பை கட்டி விற்கலாம். 2002ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் முதற்கொண்டே உற்பத்தியாளர்களே கம்பெனி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கடலையை நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து, ஈரலைக் கெடுக்கும் விஷம் அதில் உண்டாகும். கண்ணுக்கும் தெரியாது, வறுத்தாலும் முழுதும் போகாது. ஒரு தடவை அப்படிப்பட்ட சரக்கு வெளியூர் போனால் ஊர்ப்பெயர் இல்லாமல் இருந்ததே நல்லது என்றாகிவிடும். காயவைத்ததைச் சொத்தை பொறுக்குகிற பெண்களுக்கும் சங்கத்தில் பங்கு இருக்க வேண்டும். கூலியோடு அனுப்பிவிட்டு ஆண்பிள்ளைகள் மட்டும் மேஜை போட்டு உட்கார்ந்தால் அதுவும் ஒரு பிராமணாள் கிளப்தான்.

முதல் மூட்டை கட்டுகிற அன்றைக்குப் பந்தல்குடித் தோழர்கள் நமக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால், அதை இந்தப் பத்திரிகையிலேயே விளம்பரக் கூலி வாங்காமல் பிரசுரிக்கின்றோம். பையின்மேல் ஊர்ப்பெயர் மாத்திரம் இருக்க வேண்டும். யாருடைய சாதிப் பட்டமாவது போட்டிருந்தால் கார்டைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.